மாற்றுத் தோள்

உன் பிரம்பு நாற்காலி இன்று காலை மழையில் நனைந்து திரும்பி வந்தது. நனைந்த பிரம்பின் வாசனை உனக்குத் தெரியும். பாதி ஈரச் சாக்கு, பாதி வெந்த நெல். அதை நான் கடைசியாக முகர்ந்தது உன் மலைப் பள்ளத்திலிருந்து சாலைக்கு ஏறும் பாதையில். அந்த வாசனை மறுபடி எழக் கூடாது என்பதால் இத்தனை ஆண்டுகளாக நாற்காலியை ஒரு துளி நீர் படாமல் காத்துவந்தேன். இன்று அது என் பொறுப்பை மீறிவிட்டது.

சேலத்தில் நான் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றுபோயிற்று. மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளருக்கு மூச்சுத் திணறல். கீழே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதிலிருந்த ஸ்ட்ரெச்சர் மாடிப்படியின் திருப்பத்தில் திரும்பவில்லை. இந்தக் கட்டடத்தில் வீடுகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு இரண்டு முதியவர்களும், சுவரில் கடல்கடந்த பேரப்பிள்ளைகளின் படமும் உண்டு. தூக்குவதற்குத்தான் ஆள் இல்லை. பொறியாளரின் மனைவி என் கதவைத் தட்டி, "உங்க வீட்ல கை வெச்ச பிரம்பு நாற்காலி ஒண்ணு இருக்குமே" என்றாள். கொடுத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர், எரிவாயு உருளை போட வந்த ஒருவர், எங்கள் காவலாளி. காவலாளி வடக்கே எங்கோ இருந்து வந்தவன். மீசை வைத்த, பேச்சு குறைந்த மனிதன். அவன் கயிறு கேட்டான், மாடிக் கம்பிகளில் துணி காயக் கொடியாகப் போட்டிருந்த மூங்கில்களைக் கழற்றித் தரச் சொன்னான். மற்றவர்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியைக் கீழே வைக்கப் போனார்கள். அவன் கத்தினான்: "வேண்டாம், வேண்டாம்! கீழ வைக்காத!"

நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன்.

பொறியாளர் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். நாற்காலி கதவருகே சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்க ஆளில்லாத மடலை எழுதும் அளவுக்கு நான் இளகிவிட்டதாக நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

சென்னையில் ஒரே விடுதியில், ஒரே அறையில் தங்கிப் பொருளாதாரம் படித்தவர்கள் நாம். படிப்பு முடிந்ததும் நான் சேலத்துக் கல்லூரி ஒன்றில் மக்கள்தொகைப் பாடம் நடத்த வந்தேன். நீ உன் தந்தை விட்டுப்போன சிறிய காப்பித் தோட்டத்தைப் பார்க்க ஏற்காட்டுக்கு ஏறினாய். நாகலூருக்குப் பஸ் போகும் சாலையிலிருந்து செங்குத்தாகக் கீழே, ஒரு பள்ளத்தில் உன் வீடு; அதற்கும் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள். ஜீப் கோடையில் மட்டும் இறங்கும். மழைக்காலத்தில் மனிதக் கால்கள்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் அங்கே வந்தேன். காட்சி பார்க்க வந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உன்னோடு சண்டை போட வந்தேன். சொந்தத் தோட்டத்துக் கொட்டையில் நீ போட்ட காப்பியையும் குடித்தேன். அது வாயில் வைக்க வழங்காது.

என் பாடத்தை நீ ஒருமுறை முழுதாகக் கேட்டாய். சிறுவர்களும் முதியவர்களும் நடுவயதில் இருப்பவர்களின் மேல் சாய்ந்திருக்கிறார்கள். ஒரு நாடானாலும் ஒரு மலையானாலும், உழைக்கும் வயதில் இருப்பவர்களின் பங்கு எவ்வளவு என்பதே அதன் கதியை முடிவு செய்கிறது. அந்தப் பங்கு காலத்தோடு ஏறும், ஒரு தலைமுறைக் காலம் உச்சியில் நிற்கும், பிறகு இறங்கும், இறங்கினால் திரும்ப ஏறாது. கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "புரிஞ்சுதுடி. நடுவுல நிக்கறவ நான். லீவுக்கு லீவு வந்து சாயறவ நீ."

அந்தப் பங்கை நான் புத்தகத்தில் படித்தேன். கண்ணால் பார்த்தது உன் பள்ளத்தில்தான், அதுவும் இந்த நாற்காலியைச் சுற்றி.

எழுபதுகளின் ஒரு மழைநாள். லைன் வீட்டில் ஒருத்திக்குப் பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். மேஸ்திரி மாரப்பன் போய்த் தண்டவாளத் துண்டை அடித்தார். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் அந்த இரும்பு வேறு நேரத்தில் ஒலித்தால், வீட்டுக்கு ஒரு ஆண் தோள் வந்து நிற்க வேண்டும் என்பது உன் பள்ளத்தின் சட்டம். யார் எழுதிய சட்டம் என்று கேட்டேன். "எழுதறதுக்கு இங்க யாருக்குடி நேரம்?" என்றாய்.

உன் முற்றத்து நாற்காலியை இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டினார்கள். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றுத் தோளாகப் பக்கத்தில் நடப்பார்கள். மாரப்பன் கண்ணை மூடிக்கொண்டு சோடி சேர்ப்பார். ஒவ்வொருவனின் தோளுயரமும் அவருக்கு மனப்பாடம். உயரம் பொருந்தாத இருவர் ஒரு மூங்கிலுக்குக் கீழே நின்றால் நாற்காலி சாய்ந்துவிடும். "டேய் நெட்டையா, ஏத்தத்துல நீ முன்னால போனீன்னா அந்தப் புள்ள பின்னால உருண்டு எம்மேல உழும். பின்னால வாடா" என்று கத்துவார். பாதை திரும்பும் இடத்தில் "மாத்து!" என்பார். மாற்றுத் தோள் மூங்கிலுக்கு அடியில் நுழைந்த பிறகுதான் முந்தைய தோள் விலகும். நாற்காலி நிற்காது. எக்காரணம் கொண்டும் தரையில் வைக்கப்படாது. வழியில் நாற்காலியின் கால் மண்ணைத் தொட்டால், அதில் இருப்பவர் அந்த இடத்தைத் தாண்டமாட்டார் என்று நம்பினார்கள். நான் அதை மூடநம்பிக்கை என்றேன். நீ உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினாய்.

அன்று வந்த ஆண்கள் மிகக் குறைவு. மாற்றுத் தோளுக்குச் சரியாக ஆள் இல்லை. ஒருவரே இரண்டு திருப்பம் தாங்கினார்கள். ஆனால் பாதையின் இருபுறமும் பிள்ளைகள். எங்கு பார்த்தாலும் பிள்ளைகள்! மூக்கு ஒழுகும் பிள்ளை, அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இன்னொரு பிள்ளை. தம்பியை இடுப்பில் வைத்திருந்த ஒரு சிறுமி நாற்காலியோடு கூடவே ஓடிவந்தாள்.

"ஏனுங்க மாமா, நானு ஒரு கை புடிக்கட்டுங்களா?"

மாரப்பனுக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "மொதல்ல இடுப்புல இருக்கறத எறக்கி உடு கண்ணு. அப்பறம் பொம்பளப் புள்ள தோளுக்குக் கம்பு ஆகாது, போ சாமி."

அந்தச் சிறுமி பழனியம்மா. அவள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு அன்று எந்தக் காரணமும் இல்லை.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. நாம் நனைந்துபோய்த் திரும்பியபோது லைன் வீடுகளின் வாசலில் அந்தப் பிள்ளைக் கூட்டம் அப்படியே நின்றது. இத்தனை வாய்க்கு அந்தச் சில தோள்கள் என்ன செய்யும்? அவர்களில் ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் அவன் மேல் சாய்ந்திருக்கும் அத்தனை பேரும் விழுவார்கள் என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையைத் துவட்டியபடி, "நீ வாய எண்ணற. நான் வளர்ற தோள எண்ணறேன்" என்றாய். உனக்குப் பயமே கிடையாதா என்று கேட்டேன். "உனக்கு இருக்கறது ரெண்டு பேருக்குப் போதும்" என்றாய்.

வளர்ந்தார்கள். அதை மட்டும் மறுக்க முடியாது. எண்பதுகளில் ஒருமுறை வந்தபோது உன் பள்ளம் முழுக்க மீசை. கருத்தடை முகாம்களுக்குப் பிறகு தொட்டில்கள் குறைந்திருந்தன. கிழவர்கள் இன்னும் பெருகவில்லை. நடுவில் ஒரே கூட்டம். நான் வகுப்பில் பலகையில் வரைந்து காட்டும் அந்தப் புடைப்பு உன் முற்றத்தில் தலைசீவிக்கொண்டு நின்றது.

அந்த ஆண்டு மாரப்பன் மிளகுக்கொடி ஏணியிலிருந்து சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். எண்ணெய் தேய்த்தால் போதும். யாரோ ஒரு துடுக்கன் தண்டவாளத் துண்டை அடித்துவிட்டான். கண்மூடித் திறப்பதற்குள் இளைஞர்கள் மலைபோல் வந்து குவிந்தார்கள். தோள் கொடுக்க அடிதடி. மாரப்பனைத் தூக்கி நாற்காலியில் கட்டி, பாதையில் ஓடவே தொடங்கிவிட்டார்கள்.

"எறக்கி உடுங்கடா! நானு நடந்தே போவேன்! எறக்குங்கடா, பாவிகளா!"

"கீழ வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க மாமா சொன்னீங்க!"

"மாத்து! மாத்து!" என்று அவர்களே கத்திக்கொண்டு, தேவையே இல்லாத இடத்திலெல்லாம் தோள் மாற்றினார்கள். மாரப்பன் சாலை வரைக்கும் அவர்களின் முப்பாட்டன்களைத் திட்டிக்கொண்டே போனார். நீ முற்றத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் சாலையோரத்து மதகுச் சுவரில், வேலை நேரத்தில், அதே இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிப்பு வற்றிவிட்டது. உன் தோட்டம் அவர்களில் பாதிப்பேருக்குக்கூட வேலை தராது. பக்கத்து எஸ்டேட்டுகளிலும் தலைச்சோலைக் கிராமத்துப் பக்கத்திலும் அதே கதை. ஒரு நாட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பெரும் வலிமை, கல்லெறிந்து விளையாடிக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருந்தது. வேலையற்ற கை எதைத் தூக்கும் என்று எண்ணி நான் பயந்தேன்.

அப்போதுதான் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு முதல் ஆட்கள் கிளம்பினார்கள். அவர்களை அனுப்பியவள் நீ. தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தாய், தங்க இடம் பார்த்துக் கொடுத்தாய், பஸ் நிற்குமிடம் வரை ஏறிப்போய் வழியனுப்பினாய். பழனியம்மாவுக்கு அதற்குள் மாரப்பனின் தங்கை மகன் செல்வராசுவோடு கல்யாணம் ஆகியிருந்தது. அவனும் போனான். அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்டு லைன் வீட்டில் தங்கினாள்.

"உன் பள்ளத்தை நீயே காலி செய்கிறாய்" என்று உன்னிடம் சீறினேன். "நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் யார் தூக்குவார்கள்?"

நீ காப்பிப் பழத்தை விரலால் பிதுக்கிக்கொண்டே சொன்னாய்: "அவங்க தோளு அவங்களோடதுடி. என் நாற்காலிக்கு அளவெடுத்து யாரும் புள்ள பெத்துக்கல." கொஞ்சம் கழித்து, "மொதல்ல தொட்டிலப் பார்த்துப் பயந்த. இப்ப மீசையப் பார்த்துப் பயப்படற. அடுத்தது கைத்தடியப் பார்த்துப் பயப்படுவ. மனுசனுக்கு நீ பயப்படாத வயசு ஒண்ணு உண்டா?" என்றாய்.

 

தொண்ணூறுகளில் உன் பள்ளத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஒரு புதிய பூட்டுத் தொங்கும். உண்ணிச்செடி பாதையின் இருபுறமிருந்தும் கைநீட்டத் தொடங்கியிருந்தது. மாலையில் லைன் வீடுகளின் கூரையில் புகை இங்கொன்றும் அங்கொன்றுமாக எழும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அந்த மீசைகள், இப்போது நல்ல சட்டையோடு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும். பண்டிகை முடிந்தால் பஸ் ஏறிவிடும். மிச்சமிருந்தவர்கள் முதியவர்கள். மாரப்பன் கைத்தடி ஊன்றத் தொடங்கியிருந்தார். உனக்கோ படியேறினால் மார்பு அடைக்கத் தொடங்கியிருந்தது. நீ அதைச் சொல்லவில்லை. பேச்சை நடுவில் நிறுத்திப் பூச்செடியைப் பார்ப்பதுபோல் நின்றாய். பூக்காத செடியை அவ்வளவு நேரம் பார்ப்பவள் நீ இல்லை. சேலத்துக்கு வந்துவிடு என்று மன்றாடினேன். "வர்றேன், மிளகு பறிச்சு முடியட்டும்" என்றாய். அந்த மிளகு எந்த ஆண்டும் பறித்து முடியவில்லை.

அந்த நாட்களில் இரவும் பகலும் என்னைத் தொடர்ந்தது ஒரே பயம். அது புள்ளிவிவரத்தைப் பற்றியதாக இல்லாமல் போயிற்று. ஒரு செங்குத்துப் பாதை, ஒரு நாற்காலி, தூக்க ஆளில்லை. வகுப்பில் வளைகோடு வரையும்போது அது உச்சியிலிருந்து இறங்கும் இடத்தில் என் சுண்ணக்கட்டி நிற்கும். மாணவிகள் நான் ஏதோ மறந்துவிட்டதாக எண்ணிக் காத்திருப்பார்கள்.

அது நடந்தது தீபாவளி முடிந்து எல்லாரும் திருப்பூருக்குத் திரும்பிய சில நாட்களில். விடாத மழை, ஒரு பகல் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ இந்த நாற்காலியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாய். பாக்குவெட்டி தரையில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உன் முகம் சுண்ணாம்பாக இருந்தது, நெற்றியில் வேர்வை. "ஒண்ணுமில்ல" என்றாய். இடது கை உன் மடியில் வேறு யாருடையதோபோல் கிடந்தது.

நான் ஓடிப்போய்த் தண்டவாளத் துண்டை அடித்தேன். என் வாழ்க்கையில் இரும்பை அடித்தது அதுவே முதல்முறை. ஓசை பனிமூட்டத்துக்குள் போனது, போனது திரும்பவில்லை. மறுபடி அடித்தேன். கீழே ஒரு நாய் குரைத்தது. ஒரு கதவும் திறக்கும் ஓசை இல்லை. நான் பயந்து பயந்து காத்திருந்த அந்த நொடி வந்துவிட்டது. அது நான் வரைந்த கோட்டைவிடச் சரியாக இருந்தது. சரியாக இருந்துவிட்டதே என்ற திகிலில் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். மாரப்பன். "போதுமுங்க டீச்சரம்மா. வந்தாச்சுங்க."

யார் வந்தார்கள்? கைத்தடியோடு அவர். அவரைவிட மூத்த இரண்டு கிழவர்கள். பறிப்பிலிருந்து பாதியில் வந்த பெண்கள், இடுப்பில் கட்டிய பழச்சாக்கோடு. மாரப்பனே நாற்காலியை மூங்கிலில் கட்டினார்; அந்த விரல்கள் மட்டும் கிழடு தட்டவில்லை. கட்டி முடித்து, எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டு சோடி சேர்த்தார்.

"செல்வராசு, முன்னால வலம்."

யாரும் நகரவில்லை.

"தங்கவேலு, முன்னால எடம். டேய், காது கேக்குதா? நெட்டையா, பின்னால வா."

கண்ணை மூடியிருந்த அவருக்கு முன்னால் பழைய பள்ளம் முழுதாக நின்றது போலும். திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை அவர் உயரவாரியாக அழைத்துக்கொண்டிருந்தார். நீ நாற்காலியில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தாய்.

பழனியம்மாதான் கத்தினாள். "செல்வராசு திருப்பூர்ல இருக்காருங்க மாமா. கண்ணத் தொறங்க. அவரு எடத்துல நானு நிக்கறேன்."

மாரப்பன் கண்ணைத் திறந்தார். முன்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். "பொம்பளத் தோளுக்குக் கம்பு ஆகாது கண்ணு. வழக்கமில்ல."

"காப்பி மூட்ட ஆகுமுங்களா? வெறகு ஆகுமுங்களா? கெணத்துத் தண்ணி ஆகுமுங்களா? இது ஒண்ணுதான் ஆகாதுங்களா? வழக்கத்தக் கட்டி ஊட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. அம்மா மூச்சு வாங்கறது உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா இல்லீங்களா?"

நின்ற பெண்களில் ஒருத்தி, "மாமனுக்கு நம்ம ஒசரம் தெரியாதுடி. இத்தன வருசமா பாத்ததே இல்ல" என்றாள். அந்த நிலையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மாரப்பன் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தபடி சோடி சேர்த்தார். ஒவ்வொருத்தியையும் பக்கத்தில் நிறுத்தி, கைத்தடியைத் தோளுக்குத் தோள் குறுக்கே வைத்து மட்டம் பார்த்தார். அந்தச் சில நொடிகள் எனக்கு ஒரு யுகம். தூக்க நான்கு பேர். மாற்றுக்கு மூன்று பெண்கள் சேர்ந்தார்கள்; பழனியம்மாவின் உயரத்துக்கு மாற்று அமையவில்லை. கைத்தடி என் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க பழனியம்மா ஒசரமுங்க. கூடவே வாங்க."

எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. புத்தகத்தைவிடக் கனமானதைச் சுமந்ததில்லை.

மாரப்பன் பஸ்ஸை நிறுத்துவதற்காக முன்னால் ஏறிப்போனார். நாங்கள் பின்னால் ஏறினோம். மழை திரும்பிவிட்டது. பிரம்பு நனைந்து அந்த வாசனை எழுந்தது. பாதை சேறு, பெண்களின் வெறுங்கால்கள் சேற்றைக் கவ்விப் பிடித்தன, என் செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்தேன். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கால்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவற்றுக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தவிர உலகில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மூடநம்பிக்கை என்று சொன்னவள் நான்தான். அந்தப் பாதையில் என்னைவிட அதை நம்பியவர் யாருமில்லை.

கடைசித் திருப்பத்தில், செங்குத்து அதிகமான இடத்தில், பழனியம்மாவின் கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "மாத்துங்க" என்றாள்.

மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். அவள் விலகினாள். உன் எடை என் எலும்பில் இறங்கியது. என் முழங்கால் மடங்கத் தொடங்கியது. மடங்கினால் நாற்காலி மண்ணைத் தொடும். மடங்கவில்லை. ஏன் மடங்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது, அடைத்த மார்புக்குள்ளிருந்து, உன் குரல் வந்தது.

"யாருடி இந்தப் பக்கம்? நாற்காலி நடுங்குது."

"நான்தான்."

"அதானே பார்த்தேன்."

மேலே மாரப்பன் கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நடுச்சாலையில் நின்றார். "ஏம்பா பெருசு, உழுந்து சாகறதுக்கு என் பஸ்தான் கெடச்சுதா?" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். பள்ளத்திலிருந்து மூங்கிலும் பெண்களும் நாற்காலியும் மேலே வருவதைக் கண்டதும் அவன் வாய் மூடியது. இறங்கி வந்து கை கொடுத்தான். நாற்காலியோடு உன்னை ஏற்றினோம். பஸ்ஸின் தகரத் தளத்தில்தான் அதன் கால்கள் முதலில் பட்டன.

நீ பிழைத்தாய். அதற்குப் பிறகும் பள்ளத்துக்கே திரும்பினாய், பிடிவாதக்காரி. மறு ஆண்டு முடிவில், சேலத்து மருத்துவமனை ஒன்றில், சக்கரம் வைத்த கட்டிலில், யாருடைய தோளும் தேவைப்படாமல் போய்ச்சேர்ந்தாய். உன் உடலைப் பள்ளத்துக்குக் கொண்டுவந்தபோது திருப்பூரிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். செல்வராசு, தங்கவேலு, நெட்டையன், எல்லா மீசைகளும். பாடைக்குத் தோள் கொடுக்கப் போட்டி. மாரப்பன் கல்லில் உட்கார்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, பெயர் சொல்லிச் சோடி சேர்த்தார். இந்தமுறை அழைத்த பெயரெல்லாம் பதில் சொன்னது. அவர் முகத்தில் ஒரு நிறைவு. நான் செல்வராசுவிடம் சொன்னேன்: "அவசரமே இல்லாத பயணத்துக்கு இத்தனை தோள்." அவன் தலை குனிந்தான். அவன் மேல் பிழையில்லை என்று உடனே சொன்னேன். நீ அனுப்பித்தானே அவன் போனான்.

பழனியம்மா இந்த நாற்காலியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க தூக்குன நாற்காலிங்க. நீங்களே வெச்சுக்கோங்க." பிறகு என் தோளைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்: "வலம் கொஞ்சம் எறங்கிருச்சுங்க." உண்மைதான். தையற்காரர்கள் இன்றும் என் ரவிக்கையின் வலப்பக்கத்தை ஒரு விரல் குறைக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தோள்களை அளக்கிறது. வங்கியில், கல்யாண மண்டபத்தில், இந்தக் கட்டடத்தின் ஆண்டுக் கூட்டத்தில். யாருக்கு யார் சோடி, மாற்றுக்கு யார். எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு ஒருபோதும் சேருவதில்லை. நீ சொன்ன மூன்றாவது பயம் இது. கைத்தடி இப்போது என் கையிலேயே இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது காவலாளி, நாற்காலியோடு இன்னும் இருந்த கொடி மூங்கில்களை அவிழ்த்து மாடியில் திருப்பிக் கட்ட வந்தான். நாற்காலியை அவன் கட்டியிருந்த முடிச்சைக் காட்டி, எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"எங்க ஊர் மலை, அம்மா. ரோடு இல்ல. இப்படித்தான் தூக்கும். கீழ வைக்கக் கூடாது."

"ஊரில் யார் இருக்கிறார்கள்?"

"அம்மா இருக்கு. தனியா."

"அவளுக்கு ஒன்று என்றால் யார் தூக்குவார்கள்?"

அவன் மூங்கிலைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவனுடைய பள்ளத்தின் மீசைகளெல்லாம் நம் ஊர்க் கதவுகளில் காவல் நிற்கின்றன. இங்கே வற்றியது அங்கே ஊறுகிறது, அங்கே ஊறியதை நாம் இறைத்துக்கொள்கிறோம். அந்தப் பயத்தை அவன் முகத்தில் கண்டேன். நாம் இருவரும் சண்டையிட்ட அத்தனை விடுமுறைகளிலும் என் முகத்தில் நீ கண்டது அதுவாகத்தான் இருக்கும்.

"ஆம்பள எல்லாம் வெளிய போச்சு, அம்மா" என்றான் கடைசியில். "பொம்பளதான் இருக்கு."

"போதும்" என்றேன். "அம்மாவோடு பேசும்போது சொல். இப்போதே உயரம் பார்த்துச் சோடி சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்."

அவன் தலையாட்டினான். நாற்காலியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.